கால் தரிக்காத சொக்கு அயித்தான்

எங்கள் பக்கம் அக்காளை ஆச்சி என்போம், அக்காள் வீட்டுக்காரரை அயித்தான் என்போம். எனக்கு ஒரே ஆச்சி, கண்ணம்மை. ஒரே அயித்தான், சொக்கலிங்கம். அந்த ஒரு அயித்தானைச் சமாளிக்கவே எனக்கு ஆயுசு போதவில்லை.

சொக்கு அயித்தானை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் காரைக்குடியில் குறைவு. அப்படியே உட்கார்ந்தாலும் வலது கால் ஆடிக்கொண்டிருக்கும். பந்தியில் ஆடும், கல்யாணப் பேச்சில் ஆடும், துக்க வீட்டில்கூட ஆடும். "காலை ஆட்டாதீக, வீட்டுக்கு ஆகாது" என்று ஆச்சி ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்வார். கால் ஒரு நொடி நிற்கும். ஆச்சி அந்தப்பக்கம் திரும்பியதும் மறுபடி ஆடத் தொடங்கும்.

அது அவர் குற்றமும் இல்லை என்று வையுங்கள். எங்கள் செட்டியார் ஆட்களில் ஆண்பிள்ளைக்கு மீசை முளைத்தால் கப்பல் ஏற்றிவிடுவார்கள். பர்மாவிலோ மலேயாவிலோ மூன்று வருஷம் கடையில் இருந்து தொழில் பழகி, ஊர் வந்து, கல்யாணம் செய்து, மறுபடி கப்பல். அயித்தானின் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூன் போனவர். அப்பச்சி, அதாவது அப்பா, பினாங்கு போனவர். இவருக்கு மீசை முளைத்த வருஷம் பார்த்து உலகச் சண்டை வந்தது. சண்டை ஓய்ந்தபோது பினாங்குக் கடை பங்காளிகள் கையில் இருந்தது, பர்மாவில் நம்மவர்களை வா என்று சொல்ல ஆளில்லை. போக வேண்டிய கால், போக இடமில்லாமல் காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூர் வீட்டு முற்றத்தில் நின்றுவிட்டது. அது ஆடாமல் என்ன செய்யும்?

ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. கோயம்புத்தூரில் நூல் வியாபாரம், தூத்துக்குடியில் உப்பு, பெஜவாடாவில் மிளகாய், பம்பாயில் என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாத ஒன்று. எல்லாம் கொஞ்ச நாள்தான். தொழில் நன்றாக நடக்கும்போதே விட்டுவிட்டு வந்துவிடுவார், அதுதான் வயிற்றெரிச்சல். நஷ்டப்பட்டு வந்தாலாவது மனுஷன் அடங்குவார். அறுபத்தைந்தாம் வருஷம் ஆச்சி தன் பங்குக்கு வந்ததை வைத்து காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு சைக்கிள் சாமான் கடை போட்டுக் கொடுத்தார். பெயர்ப் பலகையில் அயித்தான் பெயர். உள்ளே உட்கார்ந்திருந்தது நான். அவர் டியூப் வாங்கி வருகிறேன் என்று மதுரைக்குப் போவார், ஐதராபாத்திலிருந்து கார்டு வரும்.

மகளைத் தேவகோட்டையில் கட்டிக்கொடுத்த மறுவருஷம், அதாவது எழுபத்திரண்டில், ஆச்சிக்குப் பொறுமை முடிந்தது. அந்தக் கண்டனூர் வீட்டைப் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். மூன்று கட்டு, தூண்களை எண்ணி முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். மற்றப் பங்காளிகள் எல்லாம் கல்யாணத்துக்கு மட்டும் வந்து பூட்டைத் திறப்பவர்கள். மற்ற நாளில் அத்தனை பெரிய வீட்டில் ஆச்சி ஒற்றை ஆளாகக் கதவு கதவாக அடைத்துக்கொண்டு வருவார். பயம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கோபம் என்றுதான் சொல்வார்.

அயித்தான் அந்த நேரத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு வண்ண நோட்டீஸோடு வந்து இறங்கினார். மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனி, ஜலமோகினி என்ற கப்பலில் உல்லாசப் பயணம் நடத்துகிறதாம். மெட்ராஸ், பினாங்கு, சிங்கப்பூர், திரும்ப மெட்ராஸ். நோட்டீஸில் நீச்சல் குளம், குடைக்குக் கீழே சாய்வு நாற்காலி, சரவிளக்குத் தொங்கும் சாப்பாட்டுக் கூடம், வாத்தியக் கோஷ்டி. இதற்கெல்லாம் மேலே பினாங்குத் துறைமுகம், விளக்கு வரிசையோடு.

அயித்தான் நோட்டீஸைச் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வைத்தார். ஆச்சி அதைப் பார்த்தார், அயித்தானைப் பார்த்தார், பிறகு ரசத்தை ஊற்றினார்.

"சரி, போவம்" என்றார்.

அயித்தானுக்குப் புரையேறிவிட்டது.

"ஆனா ஒண்ணு. நானும் வாரேன். ஒரே ஒரு தடவ அந்தக் கப்பல்ல போயி, அந்தப் பினாங்கைக் கண்ணாரப் பாத்துட்டு வந்துருங்க. அதோட முடிஞ்சது. அப்பறம் கடையில உக்காரணும். ஊர் பேரச் சொல்லிக்கிட்டு எந்திரிச்சீகன்னா நான் நெற்குப்பைக்கு எங்க ஆத்தா வீட்டோட போயிருவேன். திரும்பி வரமாட்டேன்."

ஆச்சி சொன்னால் சொன்னதுதான். அது அயித்தானுக்கும் தெரியும். "சத்தியமா உக்காந்திருவேன்" என்றார். இலைக்குக் கீழே கால் ஆடியது.

மறுநாள் ஆச்சி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீயும் வரணும். பினாங்குல எறங்குன மனுஷன் திரும்ப ஏறலைன்னா வேட்டியப் புடிச்சு இழுத்துவர ஒரு ஆள் வேணும்." கடையைப் பூட்டிவிட்டு நான் உல்லாசப் பயணம் போன கதை இதுதான். உல்லாசத்துக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

நாள் பார்த்ததில் ஒரு கணக்கு இருந்தது. திருக்கார்த்திகை கழிந்து இருபத்தொன்றாம் நாள் எங்களுக்குப் பிள்ளையார் நோன்பு. உடுத்தாத கோடி வேட்டியிலிருந்து இருபத்தொரு நூல் இழையை எடுத்துத் திரியாக்கி, நெய்யில் நனைத்து, வெல்லம் சேர்த்த மாவில் பிள்ளையார் மாதிரி பிடித்து வைத்து ஏற்றுவார்கள். எரிகிற திரியோடு அதை அப்படியே வாயில் போட்டு விழுங்க வேண்டும். கூட்டத்தில் மூத்தவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வது முறை. எங்கள் ஆட்கள் உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும் அன்றைக்கு ஓர் இடத்தில் கூடி இழை எடுத்துக்கொள்வார்கள். கப்பல் நோன்புக்கு முதல் நாளே பினாங்கில் இருக்கும், அங்கே நம்மவர் கோயிலில் இழை எடுத்துக்கொள்ளலாம் என்று அயித்தான் சொன்னார். அவருக்கு அப்பச்சி எடுத்துக்கொண்ட இடத்திலேயே தானும் எடுத்துக்கொள்ள ஆசை. கார்த்திகை மாதத்தில் வங்காள விரிகுடா எப்படி இருக்கும் என்று, தலைமுறை தலைமுறையாக அதைக் கடந்த குடும்பத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தோம், கடலைப் பார்க்கவில்லை.

கப்பலைப் பார்த்ததும் அயித்தான் முகம் மலர்ந்தது உண்மை. பெரிய கப்பல்தான். ஏறின முதல் நாள் முழுக்க மனிதர் ஓர் இடத்தில் நிற்கவில்லை. மேல்தளம், கீழ்தளம், இயந்திரம் இருக்கும் இடம், மாலுமிகள் தூங்கும் இடம், சமையற்கட்டு எல்லாவற்றையும் சுற்றிவிட்டு வந்தார். போகாதே என்று எழுதியிருந்த கதவுகளையும் விடவில்லை. சமையற்கட்டில் ஹனிபா என்று நம் பக்கத்து ஊர்ப் புதுவயல்காரர் ஒருவர் இருக்கிறார் என்று கண்டுபிடித்தவரும் அவர்தான்.

நான் வேறு சிலவற்றைக் கண்டுபிடித்தேன். நீச்சல் குளத்தின் மேல் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளே வெங்காய மூட்டைகள். குடையும் சாய்வு நாற்காலியும் கயிறு கட்டிய அந்தப்பக்கம் இருந்தன, அது முதல் வகுப்பு. எங்களுக்கு ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம், அடுக்குப் பலகைக் கட்டில். கோயம்புத்தூரிலிருந்து புதுசாகக் கல்யாணம் முடித்து வந்த ஜோடி ஒன்று, அந்தப் பையன் பெண்கள் கூடத்து வாசலிலேயே பழியாகக் கிடந்தான். குழாயில் உப்புத் தண்ணீர். சாப்பாட்டுக்கு அலுமினியத் தட்டோடு வரிசை. சரவிளக்கு இருந்தது, எரியவில்லை. வாத்தியக் கோஷ்டி என்பது ஒரே ஓர் ஆளும் அவருடைய ஆர்மோனியமும். அவருக்கும் முதல் நாளே குமட்டல் வந்து படுத்துவிட்டார்.

இரண்டாம் நாள் காலையில் அயித்தான் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ளே, இவ்வளவுதானா?"

"எது?"

"இந்தக் கப்பலு. முழுக்கப் பாத்துட்டேன். நம்ம கண்டனூர் வீட்ல பாதிகூட இல்லையேடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் ஊராக ஓடின மனிதரைக் கொண்டுவந்து, எட்டி நடந்தால் தண்ணீர் என்கிற இடத்தில் அடைத்திருக்கிறோம். இனிப் பினாங்கு வரும்வரை எழுந்து போக ஊரே கிடையாது. கட்டிலில் உட்கார்ந்தார். கால் ஆடிய ஆட்டத்தில் மேல் கட்டிலில் படுத்திருந்த சிவகங்கை வக்கீல் சத்தியமூர்த்தி எழுந்து உட்கார்ந்து, "புயலா?" என்று கேட்டார்.

அந்த வக்கீல்தான் எங்களுக்கெல்லாம் தலைவராக அமைந்தார். மாலைக்குள் கப்பலில் பாதிப் பேர் அவர் பின்னால் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். ஏமாற்று, மோசடி, ஊருக்குப் போய்க் கோர்ட்டில் நிறுத்துவேன் என்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒரே ஓர் ஆள் மட்டும் கப்பலைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அது என் ஆச்சி.

ஆச்சிக்குக் கப்பல் ஏறின நாழிகையிலிருந்தே தலை நிற்கவில்லை. வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடப்பார். ஆனால் அயித்தான் வருகிற சத்தம் கேட்டால் எழுந்து, முகத்தைத் துடைத்து, எலுமிச்சம் பழத்தை முகர்ந்துகொண்டு மேல்தளத்துக்கு வந்துவிடுவார்.

"காத்து நல்லாருக்குல்ல?" என்பார்.

தட்டில் விழுந்த பருப்பைப் பார்த்து, "நல்ல வெந்திருக்கு" என்பார். வரிசையில் நின்றால் "நாலு சனத்தப் பாக்கலாம்" என்பார். உப்புத் தண்ணீரில் குளித்துத் தலைமுடி கயிறாகத் திரிந்துகொண்டபோது, "கடல் தண்ணி ஒடம்புக்கு நல்லதுன்னு சொல்லுவாக" என்றார். வக்கீல் அவரைக் கம்பெனியின் ஆள் என்றே நினைத்தார்.

நான் ஆச்சியைத் தனியாகப் பிடித்தேன். "ஏன் ஆச்சி, பொய்யிலயே நீந்துறீக? ஒங்களுக்கு இதுல எது நல்லாருக்கு?"

"எதுவும் நல்லால்ல. செத்துப் பொழைக்கிறேன்" என்றார் ஆச்சி. "ஆனா அவுகளுக்கு இது ருசிக்கணும் தம்பி. ருசிச்சு, வயிறு நெறஞ்சு, போதும்னு வரணும். ருசிக்கலையின்னு வையி, இதவிட நல்ல கப்பல் எங்க இருக்குன்னு நாளைக்கே கெளம்பிருவாக. அப்பறம் நான் நெற்குப்பைக்குப் போகணும்."

"போகத்தான் போறீகளா?"

"சொல்லிப்புட்டேனே" என்றார். குரல் இறங்கிவிட்டது. "போயி அங்கன என்ன செய்வேன்னு தெரியல. அதுக்குத்தான இந்தப் பாடு."

ஆச்சி உடனே வாளியைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காற்று மாறியது. கப்பல் அலையில் ஏறி இறங்க, தட்டுகள் உருண்டன. போதாக்குறைக்கு இயந்திரம் வேறு நின்றுபோய், நடுக்கடலில் கிடந்து ஆடினோம். பிறகு ஓடத் தொடங்கியும் நத்தை வேகம். நோன்பு நாள் விடிந்தபோது கரை எந்தத் திசையில் என்றுகூடத் தெரியவில்லை.

ஆச்சி அசரவில்லை. கோடி வேட்டி, மாவு, வெல்லம், நெய், பொரி, காய்ந்துபோன ஆவாரம்பூ உட்பட எல்லாவற்றையும் டப்பா டப்பாவாகக் கொண்டுவந்திருந்தார். கப்பலில் எங்கள் ஆட்கள் இன்னும் சில குடும்பம் இருந்தார்கள். எல்லாரும் பெண்கள் கூடத்துக்கு வெளியே கூடி மாவு பிசைந்து, இழை திரித்துத் தயாராகிவிட்டார்கள். பொழுது சாய்கிற நேரம். அப்போதுதான் ஓர் அதிகாரி வந்தார். தீக்குச்சி கிழிக்கக் கூடாது, கப்பலில் எங்கேயும் விளக்கு ஏற்றக் கூடாது, அடியில் சரக்கு இருக்கிறது என்றார். வக்கீல் சட்டம் பேசிப் பார்த்தார். அதிகாரி அவர் சொன்னது எதையும் காதில் வாங்காமல் தீப்பெட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எல்லாவற்றையும் யோசித்தோம், நெருப்பை யோசிக்கவில்லை.

ஆச்சி கையில் மாவுத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். அயித்தான் பக்கத்தில் வந்து, சமாதானமாக, "காத்து கொஞ்சம் கொறஞ்சிருக்குல்ல" என்றார். பாவம், ஆச்சி சொல்லிச் சொல்லி அவருக்கும் அந்தப் பேச்சு வந்துவிட்டது.

ஆச்சி வெடித்துவிட்டார்.

"காத்தா? நாசமாப் போற காத்து! இது கப்பலா, மாட்டுக் கொட்டகையா? அந்தத் தண்ணியில மனுசி குளிப்பாளா? அந்தப் பருப்ப நாயி திங்குமா? ஏறுன நாள்லேருந்து என் கொடலு வாய்வழியா வந்துக்கிட்டிருக்கு. எல்லாத்தையும் முழுங்கிக்கிட்டு நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொன்னேன். எதுக்கு? இவுகளுக்குப் போதுமா இருக்கட்டும்னு. பொறந்ததுலேருந்து ஒரு வருசம் நான் இழை எடுக்காம இருந்ததில்ல. அதையும் இந்தக் கப்பல் தின்னுருச்சு!"

ஆச்சி கப்பல் தரையில் அப்படியே உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அயித்தானைப் பார்த்தேன். அவர் ஆச்சியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு விடுவிடுவென்று நடந்து ஓர் இரும்புக் கதவைத் திறந்துகொண்டு காணாமல் போனார். இந்த நேரத்திலும் இந்த மனுஷன் ஓடுகிறாரே என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆனால் ஓடியவர் திரும்பி வந்தார். "எல்லாரும் வாங்க. தட்டோட வாங்க. நெருப்பு எரியக்கூடிய எடம் கப்பல்ல ஒண்ணு இருக்கு."

இரும்புப் படிகளில் இறங்கி, வளைந்து, குனிந்து, அவர் பின்னாலேயே போனோம். முதல் நாள் சுற்றியதில் அவருக்கு வழி மனப்பாடம். போய் நின்ற இடம் சமையற்கட்டு. புதுவயல் ஹனிபா ஒரு மூலையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். மீன் கூடையும் இறைச்சிப் பாத்திரமும் எதிர்மூலைக்குப் போயிருந்தன. ஆனாலும் வாசனை எங்கே போகும்? ஆச்சி வாசலிலேயே தயங்கினார். நோன்புக்காக வீட்டை ஒரு வாரம் கழுவுகிற மனுஷி அவர்.

"ஆச்சி, உள்ள வாங்க" என்றார் ஹனிபா. "வாடையப் பாக்காதீக, எடத்தப் பாருங்க. வெந்நி ஊத்தி மூணு தடவ கழுவிட்டேன். எங்க புதுவயல்ல செட்டியார் வீட்டு நோன்புக்கு எத்தன தடவ பொரி வாங்கித் தின்னுருக்கேன். எனக்குத் தெரியாதா?"

"அந்த அதிகாரி வந்தா?" என்று கேட்டேன்.

"அடுப்பு எரியிற எடத்துல திரி எரிஞ்சா யாரு கேப்பா? பக்கத்துல ரெண்டு வாளி மண்ணு இருக்கு. அதுவும் நீங்க தீய வாய்க்குள்ளதான போடுறீக? அதவிட ஒழுங்கா அணைக்க இந்தக் கப்பல்ல எவனுக்குத் தெரியும்?"

ஆச்சிக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

அங்கிருந்த எங்கள் ஆட்களில் வயதில் மூத்தவர் அயித்தான்தான். ஆகவே அவர் உட்கார வேண்டும், அவர்தான் இழை எடுத்துக் கொடுக்க வேண்டும். சம்மணம் போட்டு உட்கார்ந்து, அடுப்புத் தீயில் திரிகளை ஏற்றினார். கப்பல் சாயும்போதெல்லாம் சுடர்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. இந்த நோன்பே நம் ஆட்கள் கடலில் புயலில் சிக்கிக் கிடந்தபோது தொடங்கியது என்று சொல்வார்கள். வீட்டில் வருஷா வருஷம் கேட்டுக் கேட்டுப் புளித்த கதை. அன்றைக்கு அந்த ஆட்டத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அயித்தான் ஒவ்வொருவராக எடுத்துக் கொடுத்தார். கடைசியில் ஆச்சிக்குக் கொடுத்தார். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு சுடரோடு வாயில் போட்டு விழுங்கினார். கொடுத்து முடிக்கும்வரை அயித்தானின் கால் ஆடவில்லை. நான் அதைப் பார்த்தேன், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பினாங்குக்குப் போய்ச் சேர்ந்தோம். சேர்ந்தோம் என்று சொல்வதா, பக்கத்தில் போய் நின்றோம் என்று சொல்வதா? தாமதத்தை ஈடுகட்ட வேண்டுமாம், ஆகவே கப்பல் கரைக்குப் போகாது, பயணிகள் இறங்க முடியாது, சரக்கு மட்டும் படகில் இறங்கும் என்று சொல்லிவிட்டார்கள். நீச்சல் குளத்துத் தார்ப்பாயை விலக்கி மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். வெங்காயம் பினாங்கு பார்த்தது. நாங்கள் பார்க்கவில்லை. வக்கீல் கத்திக் கத்திக் குரல் போய், கடைசியில் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அயித்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே மலை, சிவப்பு ஓட்டுக் கூரைகள், அவருடைய அப்பச்சி நடந்த தெரு அதற்குள் எங்கேயோ. நான் ஆச்சி சொன்னபடி அவர் வேட்டி நுனி எட்டுகிற தூரத்தில் நின்றேன். அப்போது ஹனிபா கூடையோடு வந்தார்.

"செட்டியாரே, நான் காய்கறி எடுக்கக் கரைக்குப் போறேன். வாரீகளா? கேட்டா நம்ம சமையக் கூட்டாளின்னு சொல்லிக்கிறேன். ஒரு நடை அந்தத் தெருவப் பாத்துட்டு என் கூடவே திரும்பிரலாம்."

அயித்தானின் உடம்பு முழுக்க அந்தப்பக்கம் திரும்பிவிட்டது. நான் வேட்டியைப் பிடித்தேவிட்டேன். ஆச்சி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"போயிட்டு வாங்க" என்றார் ஆச்சி. அதை எப்படிச் சொன்னார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பொய் சொல்ல அவரிடம் தெம்பு மிச்சம் இல்லை, உண்மையாகவே சொன்னார். "இம்புட்டுத் தூரம் வந்து பாக்காமப் போனா ஆறாது. போயிட்டு வாங்க, நான் இங்கன நிக்கிறேன்."

அயித்தான் ஆச்சியைப் பார்த்தார். உதடு வெடித்து, கண் உள்ளே போய், கயிறாகத் திரிந்த முடியோடு நின்ற ஆச்சியை நன்றாகப் பார்த்தார். பிறகு ஹனிபாவிடம், "இல்லங்க, நீங்க போயிட்டு வாங்க" என்றார். ஆச்சியிடம், "இங்கேருந்தே தெரியுது கண்ணம்மை. பாத்தாச்சு. போதும். மனசு நெறஞ்சு போச்சு" என்றார்.

படகு போனது. அவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. நெறஞ்ச மனசுக்காரர் கம்பியை அப்படிப் பிடிக்க மாட்டார். ஆனால் எனக்கு அன்றைக்குச் சந்தோஷம். ஆச்சி ஜெயித்துவிட்டார் என்று நினைத்தேன். சிங்கப்பூரில் மழையில் ஒரு பஸ்ஸில் ஏற்றிக் கண்ணாடி வழியாக மங்கலாக ஏதோ காட்டினார்கள். பிறகு ஊர் வந்து சேர்ந்தோம்.

அயித்தான் சொன்ன சொல் தவறவில்லை. கடையில் உட்கார்ந்தார். காலையில் வந்து கல்லாவில் உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுவார். பொங்கல் போனது, சித்திரை போனது, மனிதர் புதுக்கோட்டையைக்கூடத் தாண்டவில்லை. ஊரே அதிசயப்பட்டது. கண்ணம்மை கெட்டிக்காரி, கப்பல்ல ஏத்தி அடக்கிட்டா என்றார்கள். எனக்கும் முதலில் நிம்மதிதான். பிறகு என்னவோ சரியில்லை என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர் ஊராகப் பெயர் சொல்லிக் கூவுகிற சத்தம் கடைக்குள் கேட்கும். முன்பெல்லாம் அந்தச் சத்தத்துக்கு அவர் கழுத்து திரும்பும். இப்போது திரும்பவில்லை. வந்தவர்களுக்குச் செயின், பெல் எடுத்துக் கொடுப்பார், ரோட்டைப் பார்ப்பார். அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் கேட்டேவிட்டேன். "அயித்தான், நெசமாவே ஒங்களுக்குப் போதுமாயிருச்சா?"

"போதுமாவது! அந்தத் தெருவுல ஒரு எட்டு வைக்கணும்னு இருந்துச்சு" என்றார். கல்லாவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அவ வாந்தியெடுத்துட்டு வந்து, வாயத் தொடச்சுக்கிட்டு, காத்து நல்லாருக்குல்லன்னு கேப்பா மாப்ளே. கப்பல்ல ஏறுன மறுநாளே எனக்குத் தெரியும். கதவுக்கு அங்குட்டுச் சத்தம் கேக்கும்ல. நம்மள ஒரு எடத்துல உக்கார வைக்க ஒருத்தி அம்புட்டுப் பாடு படுறா. அதுக்கு மேல எனக்கு எங்கடா போறது?"

அதற்குள் ஒருவர் பிரேக் கட்டை கேட்டு வந்துவிட்டார். அயித்தான் எழுந்து எடுத்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே கண்டனூர் போய் ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது.

"தெரியுமா அவுகளுக்கு?"

"மொதல்லேருந்தே."

ஆச்சி முறத்தைக் கீழே வைத்தார். "நானும் ஒண்ணு பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. யாருட்டயும் சொல்லல. அவுகளுக்குக் காலு ஆடமாட்டேங்குது. சாப்புடயில பாக்குறேன், பேப்பர் படிக்கயில பாக்குறேன். மரக்கட்ட மாதிரி கெடக்கு. ஆட்டாதீகன்னு அம்புட்டு வருசம் கத்துனேன். இப்ப அதப் பாத்தா எனக்குப் பயமாருக்கு." முகத்தை மூடிக்கொண்டார். "நான் கேட்டது இந்த ஆள இல்ல."

மறுநாள் காலை கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எங்கள் வீட்டுப் பெண்கள் கடைத்தெருப் பக்கம் வருவதில்லை. ஆச்சி வந்து நின்றார். கையில் மூங்கில் கூடை, கட்டுச்சோற்று வாசனை, தோளில் அயித்தானின் பழைய பை.

"எந்திரிங்க" என்றார்.

அயித்தான் பதறி எழுந்தார். "என்ன, யாருக்கு என்ன?"

"ஒருத்தருக்கும் ஒண்ணுமில்ல. பஸ்ஸு நிக்குது. வாங்க."

"எந்த ஊருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? எது மொதல்ல எடுக்குறானோ அது."

அயித்தான் என்னைப் பார்த்தார். நான் கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அந்த இடம் பழக்கம்தானே. பிறகு மனசு கேட்காமல் கடைக்கு முன்னால் ஒரு பலகையைச் சாத்திவிட்டு அவர்கள் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது தொண்டி பஸ்.

"தொண்டி" என்றார் அயித்தான் தயக்கமாக. "அங்க கடல்தான் இருக்கும் கண்ணம்மை."

"இருந்துட்டுப் போகட்டும். நான் கரையில உக்காந்து பாத்துக்கிறேன். இனிமே போற எடத்துக்கெல்லாம் நானும் வருவேன். நல்லாருந்தா நல்லாருக்கும்பேன், இல்லையின்னா வாயில வந்தத வையத்தான் வைவேன். கேட்டுக்கிறணும்."

"கேட்டுக்கிறேன்" என்றார் அயித்தான்.

இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். நான் வெளியே நின்று கூடையை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். கொடுக்கும் சாக்கில் எட்டி உள்ளே பார்த்தேன். அயித்தானின் கால் ஆடிக்கொண்டிருந்தது. ஆச்சியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூடையை வாங்கி, கால் ஆட இடம் விட்டு, கொஞ்சம் தள்ளி வைத்தார்.